மலையேறினால் கொதிக்கும் பெட்டி

கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பது, கடைக்கு வந்த பெட்டி ஒழுங்காக ஓடினால் வயிற்றில் புளியைக் கரைக்கிற தொழில். ஓடாத பெட்டி நல்ல பெட்டி. எங்கே கோளாறு என்று தேடிப் பிடித்துவிடலாம். வீட்டில் மக்கர் பண்ணிவிட்டு, நம் மேஜைக்கு வந்ததும் பவ்யமாக ஓடுகிற பெட்டி இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். இதைப் படிப்பவர்களில் மிக்சி மெக்கானிக், டி.வி. மெக்கானிக், மோட்டார் மெக்கானிக் யாராவது இருந்தால் இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீர்கள். மற்றவர்களும் பல் டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் வலி நின்றுபோய் முழித்தவர்கள்தானே.

என் கடை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். தகரக் கூரை. இந்த வருஷம் காலேஜ் அட்மிஷன் சமயத்தில் ஒரே ஒரு பெட்டி என்னைக் கல்வராயன் மலைக்கும் கடைக்குமாக அலையவிட்டது. அதைத் துண்டு துண்டாகத்தான் சொல்ல வரும். நான் பட்டதும் அப்படித்தான்.

மடியில் வந்த பெட்டி

வெள்ளிமலையைத் தாண்டி ஓர் ஊரில் மல்லிகா கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். சென்டர் என்றால் வீட்டின் முன்பக்கம் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் சமாளிக்க ஒரு இன்வெர்ட்டர். சாதிச் சான்றிதழ், பட்டா நகல், ரேஷன் கார்டு திருத்தம் எல்லாவற்றுக்கும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அங்கேதான் வருகிறார்கள். அவருடைய பெட்டி ஒருநாள் மூச்சில்லாமல் வந்து சேர்ந்தது. உள்ளே பவர் சப்ளை எரிந்திருந்தது.

"சீக்கிரம் போட்டுக் குடுங்கண்ணா. பிளஸ் டூ முடிச்ச புள்ளைங்க காலேஜுக்கு அப்ளிகேஷன் போடணும்னு காத்துக்கினு இருக்குதுங்க. கடைசித் தேதி கிட்ட வந்துடுச்சி. கீழ போயி போடுங்கன்னு நான் சொன்னா, பாதிப் புள்ளைங்க வூட்ல படிப்பே வேணாம்னு சொல்லிடுவாங்க" என்றார். பவர் சப்ளையை மாற்றி, ஓட்டிப் பார்த்து, அன்றைக்கே கொடுத்தேன். இந்தக் கனத்தை எப்படி பஸ்ஸில் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டதற்கு, மல்லிகா சிரிக்காமல் சொன்னார்:

"துண்டு போட்டு மூடி மடியில வெச்சிருந்தேன்ணா. கண்டக்டரு கைக்குழந்தைன்னு நெனச்சி லக்கேஜே போடல. எறங்கறப்போ, 'புள்ளைக்கு ஜுரம் வுட்டுச்சாம்மா'ன்னு கேட்டாரு."

தொட்டால் சுடும்

மறுநாளே போன். பெட்டி ஓடுகிறதாம். கொஞ்ச நேரத்தில் அப்படியே உறைந்து நிற்கிறதாம். அப்புறம் தானாகவே அணைந்துவிடுகிறதாம். பக்கத்துத் தகட்டைக் கழற்றச் சொன்னேன். மல்லிகாவுக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும். ஃபேன் சுற்றுகிறதா என்றேன், சுற்றுகிறது என்றார். ஃபேனுக்குக் கீழே ஓரமாக, பிஸ்கட் அளவுக்கு ஓர் அலுமினியத் துண்டு ஒட்டியிருக்கும், அதைத் தொட்டுப் பாருங்கள் என்றேன். போனில் "ஸ்ஸ்" என்று சத்தம் வந்தது. பதில் தனியாக வேண்டியிருக்கவில்லை.

அந்த அலுமினியத்துக்கு அடியில் ஒரு சிப் உண்டு. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் என்று வெளியிலிருந்து சொருகுவதையெல்லாம் கவனித்துக்கொள்வது அதுதான். அது வெதுவெதுப்பாக இருக்கலாம், விரலைச் சுடக் கூடாது. ரிப்பேர் ஆன மறுநாளே சுடுகிறது என்றால் ஊர் யாரைச் சொல்லும்? பவர் சப்ளை போட்டவனைத்தான். நானும் மனசுக்குள் அவனைத்தான் திட்டினேன். ஆனாலும் கெத்து குறையாமல், "வேற ஏதாவது சொருகியிருக்கீங்களா?" என்று விசாரித்தேன். "கம்ப்யூட்டர் சாமான் மட்டுந்தாண்ணா. மவுசு, கீபோர்டு, பிரிண்டரு" என்றார். அதோடு விட்டிருக்கலாம். கள்ளக்குறிச்சியில் கொளுத்திய வெயிலில் புத்தி மழுங்கி, அங்கே ரொம்ப வெயிலா என்று கேட்டுவிட்டேன்.

"வெயிலாண்ணா? நான் ஸ்வெட்டர் போட்டுக்கினு உங்ககிட்ட பேசிக்கினு இருக்கேன்."

நாடி பார்த்த நாள்

பெட்டி மறுபடியும் மடியில் வந்தது. நான் போட்ட பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு வேறு ஒன்று போட்டேன். புளோயர் வைத்துத் தூசி ஊதினேன். அலுமினியத்தைப் பெயர்த்து, சூடு கடத்துவதற்காகத் தடவியிருந்த பழைய பேஸ்ட்டைச் சுரண்டி, புது பேஸ்ட் தடவி ஒட்டினேன். பிறகு காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடவிட்டு, சிப்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரைக்கு அடியில் எனக்கு முதுகில் வேர்வை ஆறாக ஓடியது. பெட்டி குளுகுளு என்று இருந்தது. விரலை எடுத்தால் அந்த நேரம் பார்த்துச் சூடாகிவிடுமோ என்று, டீயைக்கூட இடது கையால்தான் குடித்தேன்.

நைனார்பாளையத்தில் உரக்கடை வைத்திருப்பவர் தன் பில்லிங் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு ரொம்ப நேரமாகக் காத்திருந்தார். திரையில் படம் தெரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, நான் ஒற்றை விரலை உள்ளே விட்டுக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறேன். மனுஷர் பொறுமையாகத்தான் கேட்டார்:

"ஓடாத பெட்டி என்னுது இங்க கெடக்குது. நீங்க ஓடுற பெட்டிக்கு நாடி புடிச்சிக்கினு இருக்கீங்க. இன்னா கணக்குங்க இது?"

சாதிக் பாயின் தீர்ப்பு

பக்கத்துக் கடை சாதிக் பாய் செல்போன் பழுது பார்ப்பவர். அரிசியைவிடச் சின்ன சிப்பையெல்லாம் எடுத்து மாற்றுவார். நமக்குக் கை நடுங்குகிற இடத்தில் அவருக்கு வெற்றிலை போட நேரம் இருக்கும். பெட்டியை அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். மீட்டரை வைத்து ஒவ்வொரு முனையாகத் தொட்டார். பூதக்கண்ணாடியில் போர்டு முழுக்க மேய்ந்தார். எல்லா வோல்டேஜும் புத்தகத்தில் போட்டபடி இருந்தது.

கீழே சரியாக ஓடுகிறது, மேலே போனால் கொதிக்கிறது, அங்கேயோ குளிர் என்று விவரத்தைச் சொன்னேன். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ பெரிய உபாயம் சொல்லப்போகிறார் என்று நானும் கிட்டப் போனேன்.

"பெட்டிக்கு ஒண்ணுமில்ல தம்பி. மலைக்குத்தான் காய்ச்சல். அதுக்கு நம்மகிட்ட ஸ்பேர் கெடையாது."

மரியாதையான வரவேற்பு

அப்படியானால் கரண்ட்தான் குற்றவாளி என்று முடிவு கட்டி, நாளைக் காலை பஸ்ஸில் பெட்டியோடு நானே வருகிறேன் என்று மல்லிகாவுக்குச் சொல்லிவிட்டேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து போய்ச் சேர்ந்தேன். சென்டரைப் பார்த்து அசந்துவிட்டேன். தரை கழுவி விட்டிருந்தது. ஊதுபத்தி புகைந்தது. மேஜையில் பூத்தையல் போட்ட துணி விரித்து, பெட்டி வைக்க இடம் ஒதுக்கி வைத்திருந்தார். ஒரு தூசி, ஒரு வேண்டாத ஒயர் கிடையாது. நம் கடை இப்படி இருந்தால் வாடிக்கையாளர்கள் உள்ளே வரவே பயப்படுவார்கள்.

எர்த் பார்த்தேன், சரி. வோல்டேஜ் பார்த்தேன், சரி. இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்த்தேன், சரி. சிப்பில் விரலை வைத்துக்கொண்டு பலாச்சுளை தின்றேன். குளுமையாக இருந்தது, சுளையும் சிப்பும். வாசலில் பையோடு காத்திருந்த பிள்ளைகளிடம், பெட்டி தேறிவிட்டது, நாளையிலிருந்து விண்ணப்பம் போடலாம் என்று தலைவர் மாதிரி அறிவித்துவிட்டு பஸ் ஏறினேன். அணைக்கு வந்து டவர் கிடைத்ததும் போன் அடித்தது. மல்லிகா:

"உங்க பஸ்ஸு வளைவு திரும்பற வரைக்கும் நல்லாத்தாண்ணா இருந்திச்சி. அப்புறம் படுத்துக்கிச்சி."

சித்ராவின் அப்பா

மதர்போர்டையே மாற்றிவிடுவது என்று இறங்கினேன். அதே மாடலில் பழைய போர்டு ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பி, போனிலேயே சொல்லச் சொல்ல, மல்லிகா மாட்டிவிட்டார். அந்தப் போர்டும் சுட்டது. போர்டு வேறு, சிப் வேறு, பவர் சப்ளை வேறு, சூடு மட்டும் அதே சூடு. கோளாறு பெட்டிக்குள் இல்லை, வெளியே இருந்து வருகிறது என்று இதற்குள் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வராத குறைதான், வேறு ஒன்றும் வரவில்லை.

மல்லிகா ஒருநாள்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கடைசித் தேதிக்கு முந்தின நாள் போனில் சித்ரா என்ற பெண்ணைப் பற்றிச் சொன்னார். நல்ல மார்க். எல்லாருக்கும் போட்டாகிவிட்டது, பெட்டி ஓடுகிற கொஞ்ச கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தராக. சித்ராவின் விண்ணப்பம் மட்டும் போட்டோ ஏற்றுகிற இடத்துக்கு வரும்போதெல்லாம் பெட்டி அணைகிறது. அவள் அப்பா கோவிந்தன் மரவள்ளிக் காட்டில் ராத்திரியெல்லாம் காட்டுப்பன்றி விரட்டுகிற மனுஷன். தினமும் சாயங்காலம் சென்டருக்கு வருவாராம், ஆச்சா என்று கேட்பாராம், இல்லை என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போவாராம். கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப்போய்ப் போட்டுவிடலாமே என்று கேட்டேன்.

"கீழ போனாத்தான் படிப்புன்னா, அந்தப் படிப்பு நமக்கானது இல்லன்னு சொல்றாருண்ணா. நாளைக்கும் ஆவலன்னா அந்தப் புள்ளையும் மரவள்ளி புடுங்கத்தான் போவும்."

சொல்லாமல் போனது

மறுநாள் மல்லிகாவுக்குப் போன் போட்டால் மலையில் டவரே இல்லை. ராத்திரி அடித்த காற்றில் கரண்டும் போயிருந்ததாக பஸ் ஸ்டாண்டில் சொன்னார்கள். சரி, நடப்பது நடக்கட்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மத்தியானம் தாண்டி, சொல்லாமல் கொள்ளாமல் சென்டருக்குள் நுழைந்தேன்.

பூத்துணியைக் காணோம். ஊதுபத்தி இல்லை. பெட்டியின் முன்னால் உள்ள துளைகளிலும் பின்னால் உள்ள துளைகளிலும் யு.எஸ்.பி. ஒயர்கள். துளை போதாமல் ஒன்றிலிருந்து நாலு பிரிகிற கட்டை ஒன்று, அதிலும் ஒயர்கள். ஒவ்வொரு ஒயரின் முனையிலும் ஒரு நெற்றி லைட். காட்டுக் காவலுக்குப் போகிறவர்கள் தலையில் மாட்டிக்கொள்வார்களே, அது. ஊரில் கரண்ட் போகும், மல்லிகா வீட்டு இன்வெர்ட்டர் போகாது. சந்தையில் வாங்குகிற அந்த லைட்டோடு ஒயர் மட்டும் தருவார்கள், சுவரில் சொருகும் சார்ஜர் தருவதில்லை. ஆகவே சான்றிதழுக்கு வருகிறவர்களும் வராதவர்களும் லைட்டைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டுப் போவது அந்த ஊர் வழக்கம்.

என்னைக் கண்டதும் மல்லிகா பதறி எழுந்து எல்லாவற்றையும் உருவ ஆரம்பித்தார். "எடுக்காதீங்க!" என்று நான் போட்ட கத்தலில் வாசலில் இருந்த நாய் எழுந்து போய்விட்டது. சிப்பில் விரல் வைத்தேன், சுட்டது. ஒரு லைட்டைக் கழற்றினேன், சுட்டது. இன்னொன்றைக் கழற்றினேன், சுட்டது. கறுப்பு டேப் தடிமனாகச் சுற்றியிருந்த ஒரு ஒயரை உருவினேன். கொஞ்ச நேரத்தில் விரலுக்கு அடியில் சூடு இறங்குவது தெரிந்தது. அத்தனை நாளில் முதல் தடவையாக எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. வேறு என்ன சொருகியிருக்கிறது என்று நான் கேட்டபோது இதை ஏன் சொல்லவில்லை என்றேன். லைட் கம்ப்யூட்டர் சாமானா என்று திருப்பிக் கேட்டார். அது நியாயம். நான் மேலே வந்த அன்றைக்கு இவையெல்லாம் எங்கே போயிருந்தன என்றேன்.

"வூட்டுக்கு ஆளு வர்றாங்கன்னா எடுத்து வெக்க மாட்டோமாண்ணா? போட்டது போட்டபடி கெடந்தா நீங்க இன்னா நெனைப்பீங்க?"

நாலு ஒயர்

டேப் சுற்றிய லைட் கோவிந்தனுடையது. சித்ராவின் அப்பாவேதான். சாயங்காலம் லைட்டை எடுக்க வந்தவரை உட்காரவைத்து, அவர் கண்ணெதிரே டேப்பைப் பிரித்தேன். உள்ளே சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக, கறுப்பும் பச்சையும் ஒன்றாக, கயிறு திரித்த மாதிரி கச்சிதமாக முறுக்கியிருந்தது. மல்லிகாவின் பெட்டி முதல் தடவை என் கடைக்கு வந்திருந்த சமயத்தில் ஒயரை எலி கடித்துவிட்டதாம். "பொட்டி பக்கம் நாலு ஒயரு இருந்திச்சிங்க. லைட்டு பக்கம் ரெண்டுதான். மீதி ரெண்ட சும்மா வுட்டா வீணுதானே, ரெண்டு ரெண்டா சேத்துக்கினேன்" என்றார். இரண்டு ஒயரில் கரண்ட் போகும், மற்ற இரண்டில் பேச்சு போகும், நீங்கள் கரண்ட்டைப் பேச்சில் கலந்துவிட்டீர்கள், அது நேராகச் சிப்பில் போய் இறங்கியிருக்கிறது என்றேன். லைட் நன்றாகத்தானே எரிகிறது என்றார். அதுதான் விஷயம். லைட் அருமையாக எரிந்தது, பெட்டி வெந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. ஊரில் இன்னும் கரண்ட் வரவில்லை, பேட்டரி தீரப்போகிறது. காற்றில் போயிருந்த டவர் சாயங்காலம்தான் திரும்பியிருந்தது, நெட் வந்ததும் சித்ரா வந்து விண்ணப்பத்தை மறுபடி முதலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான் கடைசித் தேதி. ஒயரை நான் உருவிப் போட்டதில் கோவிந்தனின் லைட்டில் துளி சார்ஜ் இல்லை. ஒயரைச் சரியாகச் சேர்த்துவிட்டேன். என் பையில் போன் சார்ஜரும் இருந்தது. ஆனால் மிச்சம் இருக்கிற பேட்டரி ஏதாவது ஒன்றுக்குத்தான் தாங்கும். ராத்திரி லைட் இல்லாமல் காட்டுக்குப் போனால் பன்றி எங்கே நிற்கிறது என்றுகூடத் தெரியாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறினேன். சித்ராவின் கை கீபோர்டில் நின்றுவிட்டது, அவள் அப்பாவைப் பார்த்தாள். கோவிந்தன் லைட்டை என் கையிலிருந்து வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

"இன்னிக்கு ஒரு ராத்திரி அதுங்க தின்னுட்டுப் போவட்டும். நீ போடு கண்ணு."

சுவரில் வெறும் ஆணி

போட்டோ ஏறியது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பிரிண்டரில் பாதி வந்துகொண்டிருக்கும்போது இன்வெர்ட்டர் கண்ணை மூடியது, ஆனால் அதற்குள் போக வேண்டியது போய்விட்டது. நாலு பேரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வெளிச்சம் இல்லாததால் யாரும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் சுவரில் ஒரு பலகை அடித்து, பிளக் வரிசை வைத்து, சார்ஜர்களைச் சொருகி, லைட்டெல்லாம் இனிமேல் இங்கே, கம்ப்யூட்டர் பக்கமே வரக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு வந்தேன்.

பிறகு பிரிண்டர் வேலையாகப் போனேன். மரியாதைக்காக முன்னாலேயே போன் பண்ணிவிட்டேன். தரை கழுவியிருந்தது. ஊதுபத்தி புகைந்தது. என் பலகை இருந்த இடத்தில் வெறும் ஆணி. பலகை, சார்ஜர், லைட் எல்லாம் ஒரு மரவள்ளி மூட்டைக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடியிருந்தது. நான் ஆணியையே பார்த்தேன். மல்லிகா பெருமையாகச் சொன்னார்:

"நீங்க வர்றீங்கன்னுதாண்ணா எல்லாத்தையும் கழட்டி வெச்சேன்."

புது லைட்

காலேஜ் திறந்த வாரம், கோவிந்தன் என் கடை வாசலில் நின்றார். சித்ராவுக்குக் கள்ளக்குறிச்சியிலேயே இடம் கிடைத்திருந்தது. கீழே இறங்காத மனுஷன், மகளை விடுவதற்காகத் தானே அழைத்து வந்திருக்கிறார். அந்த ராத்திரி பன்றி எவ்வளவு தின்றது என்று கேட்டேன். ஓரமாக ரெண்டு பாத்தி, பெரிசா ஒண்ணும் இல்லை என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

கையில் ஒரு புது நெற்றி லைட், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். எதிர்க் கடையில் வாங்கினாராம். அதை மேஜையில் வைத்து, என் பக்கம் மெதுவாகத் தள்ளினார்.

"இதுல எத்தினி ஒயருன்னு பாருங்க சார். ரெண்டுக்கு மேல இருந்தா இப்பவே திருப்பிக் குடுத்துட்றேன்."

நமக்குத் தெரிந்தவரை, மெக்கானிக் வருகிறான் என்று போனில் சொன்னதுமே கோளாறு எழுந்து மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுகிறது, அதைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமானால் மரியாதை தெரியாதவன் மாதிரி திடுதிப்பென்று போய் நிற்பதைத் தவிர இந்தத் தொழிலில் வேறு டூல் கிடையாது.